நம்பிக்கைக்கும் ஒரு கடதாசி வேண்டும்

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு காணிகளின் கவலை இருக்கின்றது. ஒன்று விட்டுவந்த காணி. மற்றது இப்போது இருக்கும் காணி. விட்டுவந்த காணியில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள், அல்லது அது பற்றை மண்டிக் கிடக்கின்றது. இருக்கும் காணி ஒரு உறவினருடையது, அல்லது முன்பின் தெரியாத ஒரு நல்ல மனிதருடையது. அங்கே நாம் காணிக்காரர்; இங்கே நாம் குடியிருப்பவர். அங்கே "எங்கள் காணியை விட்டுத் தாருங்கள்" என்று கேட்கும் அதே வாய், இங்கே "இன்னும் கொஞ்சக் காலம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கின்றது.

இந்த இரட்டை நிலை ஒரே நாளில் வந்ததல்ல. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, பெருந்தொகையானோர் புத்தளம் சென்றார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. பலர் அங்கிருந்து கிளாலி கடந்து வன்னி போனார்கள். 2008 இலும் 2009 இலும் வன்னி மக்கள் எல்லாவற்றையும் விட்டு நடந்தார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் இன்னொருவரிடம் "காணியைப் பார்த்துக்கொள்" என்றார். வேறொருவர் "என் காணியில் வந்து இரு" என்றார். இரண்டும் வாய்ச்சொல். அந்த நேரத்தில் வாய்ச்சொல்லுக்கு மேல் எதுவும் கைவசம் இருக்கவில்லை.

இன்று அந்த வாய்ச்சொற்கள் முதுமை அடைந்துவிட்டன. சொன்னவர் சிலர் இறந்துபோனார்கள். சிலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். கேட்டவர்களின் பிள்ளைகள் அந்தக் காணியிலேயே பிறந்து, அங்கிருந்தே பள்ளிக்கூடம் போய், அங்கேயே கலியாணம் முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு அதுதான் வீடு. இரண்டு பக்கத்திலும் பொய்யர் இல்லாமலே ஒரு பெரிய வழக்கு அங்கே காத்திருக்கின்றது.

எமது காணிப் பிணக்குகளிற் பெரும்பகுதி கெட்ட மனத்தினால் வருவதல்ல, எழுதாமல் விட்டதனால் வருவது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதைத் தீர்க்கும் முதல் வேலை நீதிமன்றத்தில் அல்ல, வீட்டு மேசையில் இருக்கின்றது. சொந்தக்காரரிடம் கடதாசி கேட்பது அவமானம் என்ற எண்ணத்தை நாம் விடவேண்டும்.

"அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு?" என்று கேட்போர் உண்டு. அவர்களிடம் ஒன்று கேட்கலாம். பெற்ற மகளுக்குச் சீதனம் கொடுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? நொத்தாரிசிடம் போய் உறுதி முடிக்கிறோம். சாட்சி இரண்டு பேர் கையெழுத்து வைக்கிறார்கள். அதை மகள்மேல் அவநம்பிக்கை என்று எவரும் சொல்வதில்லை. அவளுக்குச் செய்யும் பாதுகாப்பு என்றே சொல்கிறோம். மகளுக்கு எழுதும் நாம், தம்பிக்கும் அயலவருக்கும் எழுத ஏன் கூச்சப்பட வேண்டும்?

பத்து வருடம் என்னும் பயம்

காணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இதுதான்: "பத்து வருடம் இருந்தால் காணி அவருக்குச் சொந்தமாகிவிடுமா?"

இந்தப் பயத்துக்கு ஒரு அடிப்படை உண்டு. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், தனியார் காணி ஒன்றைப் பத்து வருடம் இடையூறின்றி, இடைவிடாது, மற்றவரின் உரிமையை ஏற்காது தன் காணியாக ஆண்டவருக்கு உரிமை பேச இடம் தருகின்றது. ஆனால் மக்கள் பாதியைத்தான் கேட்டு வைத்திருக்கிறார்கள். வெறுமனே பத்து வருடம் இருந்தது போதாது. உரிமையாளருக்கு எதிராக, அல்லது அவரைச் சாராது, தன் காணி என்ற நிலையில் இருந்திருக்க வேண்டும். உரிமையாளரின் அனுமதியோடு வந்தவர், வாடகை கொடுத்து இருப்பவர், காவலுக்கு இருத்தப்பட்டவர் ஆகியோர் எத்தனை வருடம் இருந்தாலும், அந்த அனுமதியின் கீழ் இருக்கும்வரை காணி அவர்களுடையதாவதில்லை. "இனி இது என் காணி" என்று வெளிப்படையாக மாறி நின்றதை அவர் நிரூபித்தால்தான் காலம் அன்றிலிருந்து ஓடத் தொடங்கும்.

கூட்டுரிமைக் காணியிலும் இப்படித்தான். நான்கு சகோதரர்களுக்குரிய முதுசொக் காணியில் ஒருவர் மட்டும் இருந்தால், அவருடைய இருப்பு மற்ற மூவருக்குமான இருப்பாகவே சட்டத்தில் கருதப்படும். மற்றவர்களை வெளிப்படையாக மறுத்து, அவர்களை விலக்கித் தனியே ஆண்டதாகக் காட்டும் பொறுப்பு அவருடையது. ஆகவே காணியில் தங்கிய சகோதரன் "நான்தான் இவ்வளவு காலம் பார்த்தேன், முழுவதும் எனது" என்று சொல்வதும் சரியல்ல. வெளியே போனவர் "இனி எனக்கு எதுவும் இல்லை" என்று கைவிடுவதும் சரியல்ல. வடமாகாணத் தேசவழமைப்படி ஒருவர் தனது பங்கை வெளியாருக்கு விற்பதற்கு முன் கூட்டுரிமையாளருக்கு அதை வாங்கும் முன்னுரிமை உண்டு. அதை 1947 ஆம் ஆண்டின் சட்டமும் உறுதிப்படுத்துகின்றது.

அப்படியானால் பயம் எங்கே? அனுமதி கொடுத்தோம் என்பதை நிரூபிப்பதில்தான். கொடுத்தவர் இறந்து, கேட்டவரும் இறந்தபின், பிள்ளைகள் இருவரும் நீதிமன்றத்தில் நிற்கும்போது "அப்பா சொன்னவர்" என்பது எவ்வளவு தூரம் நிற்கும்? அந்த இடத்தில் ஒரு முழுத்தாள் கடதாசி பத்துச் சாட்சிக்குச் சமன்.

கடலுக்கு அப்பாலும் களப்புக்கு அப்பாலும்

இங்கே சட்டத்தின் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். 1871 ஆம் ஆண்டுச் சட்டம், வழக்கிடும் உரிமை எழும் வேளையில் உரிமையாளர் சிறுபராயத்தினராக, சித்தசுவாதீனமற்றவராக, அல்லது கடல் கடந்த நாட்டில் இருந்தால் அவருக்குச் சில பாதுகாப்பைத் தருகின்றது. அந்தப் பாதுகாப்பும் முப்பது வருடத்துடன் முடிந்துவிடும். ஆனால் கடல் கடக்காமல் களப்பைக் கடந்தவருக்கு? யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குப் போனவருக்கும் மன்னாரிலிருந்து புத்தளம் போனவருக்கும் அச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. இலண்டனில் இருந்தவரைச் சட்டம் நினைத்தது. முகாமில் இருந்தவரை நினைக்கவில்லை. நாட்டுக்குள்ளேயே ஒருவர் தன் காணிக்குப் போகமுடியாமற் போகும் என்று 1871 இல் எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்தக் குறையை ஓரளவு நிரப்ப 2016 ஆம் ஆண்டில் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுவின் செயற்பாடுகளால் தம் காணியை மீட்க நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலம் கணக்கிடப்படாது என்பது அதன் சாரம். நல்ல சட்டம், ஆனால் காலம் கடந்து வந்த சட்டம். வழக்கிட அது தந்த அவகாசம் இரண்டு வருடம் மட்டுமே. அதன் சொற்களும் ஆயுதக் குழுவின் செயற்பாட்டையே பேசின. போரின் மற்றக் காரணங்களால் போகமுடியாதிருந்தவரை அவை வெளிப்படையாகச் சொல்லவில்லை. இருபத்தாறு வருட அலைச்சலுக்கு இரண்டு வருட அவகாசம் எப்படிப் போதும்? இடம்பெயர்ந்தோரின் காணிகளுக்கு நிலையான பாதுகாப்பைச் சட்டம் இயற்றுவோர் தரவேண்டும் என்று எமது அமைப்புகள் தொடர்ந்து கேட்கவேண்டும்.

ஆனால் சட்டம் திருந்தும்வரை நாம் கைகட்டி இருக்க முடியாது. சட்டம் தராத பாதுகாப்பைக் கடிதம் ஓரளவு தரும்.

கடிதத்தில் என்ன எழுதுவது?

இது உறுதி அல்ல, அனுமதிக் கடிதம். "இந்தக் காணி இன்னாருடையது, இன்னார் அவருடைய அனுமதியோடு இருக்கிறார்" என்பதே அதன் உயிர். வாடகையோ குத்தகையோ பேசாமல் அனுமதியாக மட்டும் இருந்தால் அதற்கு நொத்தாரிசு தேவையில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையானால் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையிலேயே எழுதவேண்டும்.

கடிதத்தில் திகதி, இருவரின் முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், காணியின் பெயர், பரப்பு அல்லது ஏக்கர், நான்கு எல்லை ஆகியவற்றை எழுதுங்கள். உறுதி இலக்கம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பின்னர் சண்டைக்கு வழியாகும் சின்ன விடயங்களை எழுதுங்கள். தேங்காய், பனை, மாம்பழம் யாருக்கு? மரம் தறிக்கலாமா? கிணற்றைத் துப்புரவாக்கும் செலவு யாருடையது? கல்வீடு கட்டலாமா, கட்டினால் போகும்போது என்ன? காணிக்காரர் திரும்பி வந்தால் எத்தனை மாத அவகாசம்? நிலத்தில் பயிர் நின்றால் அறுவடை முடியும்வரை பொறுப்பாரா?

கடைசி இரண்டு கேள்விகளை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். கடிதம் காணிக்காரரைக் காப்பதற்கு மட்டும் என்றால் குடியிருப்பவர் அதில் மனமுவந்து கையெழுத்து வைக்கமாட்டார். விதைத்தவர் அறுக்கும்வரை எழுப்பமாட்டேன் என்று காணிக்காரரும் கையெழுத்து வைக்கவேண்டும். அப்போதுதான் அது இருவருக்கும் உரிய கடிதம். ஊரில் மதிப்புள்ள இருவர் சாட்சி வைக்கட்டும். பிரதி ஆளுக்கொன்று. காணிக்காரர் வெளிநாட்டில் இருந்தால் இரண்டு பிரதிகளிலும் அவர் கையெழுத்து வைத்துத் தபாலில் அனுப்பலாம்.

"இவ்வளவு காலமும் எழுதவில்லை, இப்போது கேட்டால் சந்தேகப்படமாட்டார்களா?" என்று கேட்கலாம். நாம் குடியிருப்பவராக இருந்தால் நாமே முதலில் எழுதிக் கொடுப்போம். "உங்கள் காணியில் உங்கள் தயவில் இருக்கிறோம், இதோ எழுத்தில் இருக்கட்டும்" என்று குடியிருப்பவர் கொடுக்கும் கடிதத்தைப்போல் காணிக்காரரின் மனத்தை ஆற்றுவது வேறில்லை. விட்டுவந்த காணியில் மற்றவர் எமக்கு என்ன செய்யவேண்டும் என்று விரும்புகிறோமோ, அதை இங்கே நாம் செய்து காட்டுவோம்.

வயற்காணிக்கு வேறு சட்டம் உண்டு. குத்தகைக்கு நெற்காணி செய்பவருக்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் தனிப் பாதுகாப்பைத் தருகின்றது. நினைத்தபடி எழுப்ப முடியாது. வயல் கொடுப்பவரும் எடுப்பவரும் முதலிற் கமநல சேவை நிலையத்தில் விபரம் கேட்டுவிட்டுப் பேசுவது நல்லது.

துண்டில் வாங்கிய காணி

இடப்பெயர்வின் நடுவே, கையிலிருந்த நகையை விற்று ஒரு துண்டுக் காணி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நொத்தாரிசு இல்லை, பதிவகம் இல்லை. கொப்பித்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். "இது செல்லுமா?" என்று கேட்கிறார்கள்.

கசப்பான பதில்தான். 1840 ஆம் ஆண்டுச் சட்டப்படி காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையாக நடக்கவேண்டும். கொப்பித்தாள் உரிமையை மாற்றாது. பத்து வருடத்துக்கு மேலாக உரிமையாளராகவே ஆண்டிருந்தால் சிலவேளை ஆட்சியுரிமை பேசலாம். அது வழக்கிற் பட்டுத் தெளியவேண்டிய ஒன்று. ஆகவே விற்றவர் உயிரோடு இருக்கும்போதே போய்ப் பேசி உறுதி முடிப்பதுதான் வழி. அவர் இறந்தால் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்து வைக்கவேண்டி வரும்.

விற்றவருக்கும் ஒரு வார்த்தை. சட்டத்தில் காணி இன்னும் உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் அன்று ஒரு தாயின் தாலிக்கொடி உங்கள் கைக்கு வந்தது. காணி விலை ஏறிவிட்டதென்று அந்தத் துண்டைக் கிழித்துப்போடச் சொல்வதைச் சட்டம் தடுக்காமற் போகலாம், ஊர் மறக்காது. சட்டம் சொல்லும் உரிமை ஒன்று, நாம் பட்ட கடமை ஒன்று.

அனுமதிப்பத்திரக் காணி

வன்னிக் குடியேற்றத் திட்டங்களிற் பெரும்பாலான குடும்பங்களிடம் இருப்பது உறுதி அல்ல. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பு. அதற்கு விதிகள் வேறு.

அந்தக் காணியைப் பிரதேச செயலகத்தின் அனுமதியின்றி விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ கூடாது. அப்படி எழுதிய எந்தக் கடதாசியும் வாங்கியவருக்கு உரிமை தராது. அதேவேளை, அனுமதிப்பத்திரக் காணியில் இன்னொருவர் பத்து வருடம் இருந்தாலும் ஆட்சியுரிமை பேசமுடியாது. இது விட்டுவந்தவர்களுக்கு ஆறுதலான செய்தி. நிபந்தனை மீறப்பட்டதென்று அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்வதானாலும், முன்னறிவித்தல் கொடுத்துக் காரணம் சொல்ல இடம் தரவேண்டும். "நீங்கள் இருக்கவில்லை, ஆகவே காணி போய்விட்டது" என்று வாயால் எவரும் முடித்துவிட முடியாது. போரினால் போகமுடியவில்லை என்பதை எழுத்தில் விளக்கிப் பிரதேச செயலாளரிடம் கொடுங்கள். கொடுத்ததற்குத் திகதி முத்திரையிட்ட பிரதியை வாங்கி வையுங்கள்.

இந்தக் காணிகளில் மறந்துபோகும் வேலை பின்னுரித்தாளரைப் பெயர் குறிப்பது. பெயர் குறிக்காமல் இறந்தால் சட்டத்தின் அட்டவணைப்படியே காணி போகும். முன்பு அந்த அட்டவணை ஆண்பிள்ளைகளை முன்னிறுத்தியது. 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது. இருந்தாலும் பிள்ளைகள் பலர் உள்ள வீட்டில் யாருக்கு என்று பெற்றோரே எழுதிப் பதிந்துவைப்பது பிற்காலச் சண்டையைத் தடுக்கும்.

குடும்பப் பெண்ணின் கேள்வி

"அவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. நான் எப்படிக் காணிக்குக் கையெழுத்து வைப்பது?" இதைக் கேட்கும் பெண்கள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

தேசவழமைக்குட்பட்ட மணமான பெண், தன் சொந்தச் சீதனக் காணியையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் வைத்த கட்டு அது. அதே சட்டத்தில் வழியும் உண்டு. கணவன் எங்கே என்று தெரியாவிட்டால், கைவிட்டுப் போயிருந்தால், சம்மதத்தை நியாயமின்றி மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம்.

காணாமற்போனவரின் பெயரில் உள்ள காணிக்கு 2010 ஆம் ஆண்டுச் சட்டம் மரணச் சான்றிதழுக்கு வழி செய்தது. கணவன் இறந்தார் என்று கையெழுத்து வைக்கப் பல பெண்களின் மனம் இடம் கொடுக்கவில்லை, அது நியாயமே. அதனால் 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தம், இறந்தார் என்று சொல்லாமலே பெறக்கூடிய காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தது. அதை வைத்துக் காணி, வங்கி, உதவிப் பணம் ஆகிய அலுவல்களைப் பார்க்கலாம். ஒரு சான்றிதழ் எடுப்பது தேடுவதைக் கைவிடுவதாகாது. பிள்ளைகளின் காணியைக் காப்பது காணாமற்போனவருக்குச் செய்யும் துரோகமும் ஆகாது.

வேலியை வெட்டாதீர்கள்

பிணக்கு முற்றினால் பலர் முதலிற் செய்வது கத்தியை எடுத்துக் கதியாலை வெட்டுவது, அல்லது கூரைத் தகரத்தைக் கழற்றுவது. உறுதி கையில் இருந்தாலும் இதைச் செய்யக்கூடாது. குடியிருப்பவரைக் காணிக்காரர் தானே பலவந்தமாக வெளியேற்ற முடியாது. அது நீதிமன்றத்தின் வேலை.

உங்களை யாராவது பலவந்தமாக வெளியேற்றினால் நாட்களை எண்ணுங்கள். சமாதானம் குலையும் நிலை வந்தால் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்கீழ் பொலிஸார் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவர் தாமே சத்தியக் கடதாசி கொடுத்தும் போகலாம். அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால் திரும்ப இருத்தும்படி நீதிமன்றம் கட்டளை இடலாம். உரிமை யாருடையது என்பது அங்கே தீர்மானமாவதில்லை; யார் இருந்தார் என்பது மட்டுமே. இரண்டு மாதம் தாண்டினாலும், வெளியேற்றிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் ஆட்சியை மீட்க வழக்கிடலாம். "பார்ப்போம், பெருநாள் முடியட்டும்" என்று தள்ளிப்போட்டால் நாட்கள் போய்விடும்.

காணிக்காரருக்கும் ஒரு கடமை உண்டு. தன்னுடைய காணி என்று நேர்மையாக நம்பி இருந்தவர் கிணறு வெட்டி வீடு கட்டியிருந்தால், அந்த நிரந்தர வேலைக்கு நட்டஈடு கேட்கவும், அது கிடைக்கும்வரை காணியை விடாதிருக்கவும் எமது நாட்டுச் சட்டம் இடம் தருகின்றது. பிறர் காணி என்று தெரிந்தே கட்டியவருக்கு அந்த உரிமை அவ்வளவு இல்லை. இதனாலும் முன்பே எழுதுவது நல்லது.

மத்தியஸ்த சபைக்கு முதலிற் போங்கள்

1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைகளை எம்மவர் இன்னும் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. "அங்கே தீர்ப்புச் சொல்லமாட்டார்களே" என்கிறார்கள். ஆம், சொல்லமாட்டார்கள், அதுதான் அதன் பலம். ஒரு தரப்பு ஒரு மத்தியஸ்தரைத் தெரிகின்றது, மறுதரப்பு ஒருவரைத் தெரிகின்றது, அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிகிறார்கள். சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. நீங்களே உங்கள் வாயால் பேசுகிறீர்கள். இணங்கினால் எழுதிக் கையெழுத்து வைக்கிறீர்கள். இணங்காவிட்டால் இணங்கவில்லை என்ற சான்றிதழ் தருவார்கள். சட்டம் குறித்த தொகைக்குட்பட்ட பல வழக்குகளுக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றமே போகமுடியாது. வடக்கிலும் கிழக்கிலும் சில மாவட்டங்களிற் காணிப் பிணக்குகளுக்கென்றே விசேட மத்தியஸ்த சபைகளும் அமைக்கப்பட்டன.

எல்லை வேலி, பங்குக் கிணற்று முறை, வாய்க்கால், ஒழுங்கைப் பாதை போன்றவற்றுக்கு இதைவிட நல்ல இடமில்லை. நீதிமன்றத்தில் ஒருவர் வெல்வார், ஒருவர் தோற்பார். மறுநாட்காலை இருவரும் அதே கிணற்றில்தான் தண்ணீர் அள்ளவேண்டும். இணக்கத்தில் இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அதே கிணற்றுக்குத் திரும்பலாம்.

சபைக்கும் எல்லை உண்டு. காணியைப் படையினரோ அரச திணைக்களமோ வைத்திருந்தால் அது மத்தியஸ்த சபைக்குரிய விடயமல்ல. காணியைக் கைமாற்றுவதென்று சபையில் இணங்கினாலும் பின்னர் நொத்தாரிசிடம் உறுதி முடிக்கத்தான் வேண்டும். தரப்பொன்று மற்றதை மிரட்டி அழைத்து வந்தால் அது இணக்கமும் அல்ல. வழக்கு வேண்டும் என்ற நிலை வந்து பணமில்லாவிட்டால், குறைந்த வருமானமுள்ளோருக்கு இலவசமாக உதவும் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். அது 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது.

இனி வேலைக்கு வருவோம். உறுதி தொலைந்ததென்று கவலைப்படுவோர், அது பதியப்பட்டிருந்தால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப் பிரதி கேளுங்கள். நொத்தாரிசு முடித்த உறுதியின் இரட்டைப் பிரதி அங்கே போயிருக்கும். கிராம சேவையாளரின் கடிதம், வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பட்டியல், வரிச் சிட்டை என்பன இருந்ததற்குச் சான்று. உரிமைக்குச் சான்று அல்ல. ஆனாலும் எறியாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் உறையில் இட்டு, இன்னொரு பிரதியை வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். நடந்து நடந்து நாம் கற்ற பாடம் அது.

பின்னர் இரண்டு கடிதங்கள். ஒன்று, விட்டுவந்த காணியில் இருப்பவருக்கு: "நீர் பார்த்துக்கொண்டதற்கு நன்றி, எங்கள் அனுமதியோடு இருக்கிறீர் என்று எழுதித் தாரும். உமக்கும் நாங்கள் எழுதித் தருகிறோம்." மற்றது, நாம் இருக்கும் காணிக்காரருக்கு: "உங்கள் காணியில் இருக்கிறோம், மறக்கவில்லை." இரண்டாவது கடிதத்தை முதலில் எழுதுங்கள். அதை எழுதியவரின் கையால் வரும் முதலாவது கடிதத்துக்கு ஒரு தனி நியாயம் இருக்கும்.